மலைக்கும் மலைக்கும் நடுவே: ஜான்சிங் விட்டுச்சென்ற வேலை

*நாங்குநேரியில் பிறந்து, இந்தியக் காட்டுயிர் ஆய்வுக்கே ஆசானாக விளங்கிய ஏ.ஜே.டி. ஜான்சிங் 2024 ஜூன் 7 அன்று மறைந்தார். காடுகளைத் துண்டாக விடாதீர்கள் என்று அவர் சொன்ன பாடம், சங்கரன்கோவில் வட்டாரத்தின் தண்ணீரோடும் வெள்ளாமையோடும் பின்னிக் கிடக்கிறது.*

சென்னையிலிருந்து கொல்லம் போகும் எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலைத் தாண்டும்போது ஊர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். செங்கோட்டையில் வண்டி கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இன்னோர் இன்ஜினைக் கொண்டுவந்து பூட்டுவார்கள். முன்னே ஒன்று இழுக்க, பின்னே ஒன்று தள்ள, மலையேற்றம் தொடங்கும். பகவதிபுரம் தாண்டினால் குகை. குகையை விட்டு வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம். பக்கத்திலேயே புளியரை வழியாக நெடுஞ்சாலையும் வளைந்து வளைந்து ஏறுகிறது. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள், காய்கறி வண்டிகள், சீசன் காலத்தில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் என்று இரவெல்லாம் விளக்கு வெளிச்சம் ஓயாத சாலை அது.

இந்தச் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் வடக்கே பெரியாறு காடு, தெற்கே அகத்தியமலைக் காடு. நடுவில் சில கிலோமீட்டர் அகலத்தில் செங்கோட்டைக் கணவாய். அந்த நள்ளிரவில் வடக்கேயிருந்து ஒரு யானைக் கூட்டம் தெற்கே போக நினைத்தால், அதன் முன்னால் ரப்பர் தோட்டம் நிற்கிறது, வேலி நிற்கிறது, வீடுகள், தார்ச்சாலை, தண்டவாளம், மலையை வெட்டிய செங்குத்துச் சுவர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பெரிய விலங்குகள் புழங்கிய பாதை ஏறத்தாழ அறுந்துவிட்டது.

தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் எதிர்காலம் இத்தகைய இணைப்புகளில்தான் இருக்கிறது என்று எழுதியும் பேசியும் வந்தவர் ஆசீர் ஜவஹர் தாமஸ் ஜான்சிங். அவர் மறைவுக்குப் பிறகு அஞ்சலிக் கட்டுரைகள் நிறைய வந்தன. அவர் தொடங்கிவைத்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, அது நம் ஊருக்கு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சிவகாசி வகுப்பறையிலிருந்து பந்திப்பூருக்கு

1945 அக்டோபர் 14 அன்று நாங்குநேரியில் பிறந்தவர் ஜான்சிங். மேற்கே எப்போதும் மலை தெரியும் ஊர் அது. ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகள் சிறுவயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டன. விலங்கியல் படித்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் ஆசிரியரானார். நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்று அங்கேயே இருந்திருக்கலாம்.

1976இல் அவர் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுக்குள் போனார். தேடிப் போனது புலியையோ யானையையோ அல்ல, செந்நாயை. அந்தக் காலத்தில் செந்நாய்க்குப் பரிந்து பேச ஆள் கிடையாது. மானை உயிரோடு கிழித்துத் தின்னும் கொடிய பிராணி என்று பெயர். பிரிட்டிஷ் காலத்திலும் அதற்குப் பிறகும் கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது. ஜான்சிங் இரண்டாண்டுகள் அந்தக் கூட்டங்களின் பின்னால் கால்நடையாக அலைந்தார். கழுத்துப்பட்டைக் கருவி கிடையாது. தானியங்கிக் கேமரா கிடையாது. கிழித்துப்போட்ட மானின் வயதைப் பல்லைப் பார்த்துக் கணித்தார். செந்நாய் எச்சத்தைக் காயவைத்து, அதிலுள்ள மயிரைக் கொண்டு எந்த விலங்கைத் தின்றிருக்கிறது என்று பிரித்தார். கூட்டத்தில் சில நாய்கள் குட்டிகளுக்குக் காவல் இருக்க, மற்றவை வேட்டையாடி வந்து தின்ற இறைச்சியைக் கக்கி ஊட்டுவதைப் பதிவு செய்தார்.

காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை முறைப்படி ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அதுவரை வெளிநாட்டு அறிஞர்கள் வந்து செய்துவிட்டுப் போன வேலையை, நம் கல்லூரி ஆசிரியர் ஒருவரால் இரண்டு கால்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துச் செய்ய முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆராய்ச்சி. 1981இல் நாடு திரும்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் யானை ஆய்வு. 1985 முதல் டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம். அங்கே காட்டுயிர் அறிவியல் துறைத் தலைவராக உயர்ந்து 2005இல் ஓய்வு பெற்றார்.

> பெட்டிச் செய்தி: ஜான்சிங், ஒரு பார்வை
>
> * பிறப்பு: 1945 அக்டோபர் 14, நாங்குநேரி
> * 1976–78: பந்திப்பூரில் செந்நாய் ஆய்வு
> * 1985–2005: இந்தியக் காட்டுயிர் நிறுவனம், டேராடூன். சுமார் 300 வனத்துறை அதிகாரிகளுக்கும் 50 காட்டுயிர் ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்
> * விருதுகளில் சில: சொசைட்டி ஃபார் கன்சர்வேஷன் பயாலஜி விருது (2004), ஏபிஎன் ஆம்ரோ சாங்க்சுவரி வாழ்நாள் சாதனை விருது (2005)
> * நூல்கள்: ‘ஆன் ஜிம் கார்பெட்ஸ் டிரெயில்’, ‘ஃபீல்ட் டேஸ்’, ‘வாக்கிங் த வெஸ்டர்ன் காட்ஸ்’
> * மறைவு: 2024 ஜூன் 7, பெங்களூரு

ஓய்வு என்பது பெயருக்குத்தான்

அறுபது வயதில் பதவி முடிந்தது. அதன் பிறகு அவர் வாழ்ந்த ஏறத்தாழ 19 ஆண்டுகள்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. டேராடூனில் படித்த இளைஞர்கள் சிலர் 1996இல் மைசூருவில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியர் அந்த மாணவர்களின் அமைப்பில் போய்ச் சேர்ந்தார். டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா, கார்பெட் ஃபவுண்டேஷன் ஆகியவற்றுக்கும் வழிகாட்டினார். மேசையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வது அவர் வழக்கமல்ல. காட்டைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் அந்தக் காட்டில் நடந்திருக்க வேண்டும் என்பதே அவர் கடைப்பிடித்த விதி. எழுபதைத் தொட்ட வயதிலும் குமாவுன் மலைகளில் கார்பெட் நடந்த தடங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளிலும் நடந்தார். 2015இல் வந்த ‘வாக்கிங் த வெஸ்டர்ன் காட்ஸ்’ அந்த நடைகளின் விளைச்சல்.

இந்தக் காலத்தில் அவர் இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஒரு வேலை நமக்கு மிக நெருக்கமானது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் அதற்கு முந்தைய முப்பதாண்டுகளில் எந்தப் பெரிய விலங்கு எங்கே குறைந்தது, எங்கே தேறியது என்று அவர்கள் தேடினார்கள். பழைய கணக்கெடுப்பு ஏதும் இல்லாத இடத்தில் அவர்கள் கைக்கொண்ட வழி எளியது: காட்டையே வாழ்க்கையாகக் கொண்டவர்களிடம் போய்க் கேட்டார்கள். அந்த மக்கள் நினைவிலிருந்து சொன்னதை முறைப்படி தொகுத்தார்கள். 2011இல் ‘பயலாஜிக்கல் கன்சர்வேஷன்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது. படிக்காதவர் என்று நாம் ஒதுக்கும் மலைவாசியின் அறிவு சர்வதேச அறிவியல் இதழில் தரவாக ஏறியது.

கங்கைக் கரை சொல்லும் எச்சரிக்கை

காடு துண்டானால் என்ன ஆகும்? பதிலை உத்தராகண்ட் மாநிலத்தில் பார்க்கலாம். ராஜாஜி காட்டை கங்கை ஆறு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. யானைகள் ஆற்றைக் கடந்து போய்வர இருந்த வழி சில்லா–மோதிச்சூர் வழித்தடம். ஹரித்வார்–டேராடூன் ரயில் பாதை, நெடுஞ்சாலை, மின்திட்டக் கால்வாய், ராணுவக் கிடங்கு, குடியிருப்புகள் என்று ஒவ்வொன்றாக வந்து அதை நெரித்தன. 1990இலேயே ஜான்சிங், நரேந்திர பிரசாத், எஸ்.பி. கோயல் மூவரும் இந்த வழித்தடத்தின் நிலையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். நாட்டில் ‘யானை வழித்தடம்’ என்ற பேச்சு பரவலாகாத காலம் அது.

நடவடிக்கைகள் மெதுவாகவே நகர்ந்தன. விளைவு? மேற்கு ராஜாஜியில் பல ஆண்டுகளாக இரண்டு பெண்புலிகள் மட்டுமே மிஞ்சின. கிழக்கே கார்பெட் காட்டில் ஆண்புலிகள் இருந்தும் இந்தப் பக்கம் வர வழியில்லை. கடைசியில் 2020 டிசம்பரில் கார்பெட்டிலிருந்து ஒரு புலியைப் பிடித்து, மயக்கி, வண்டியில் ஏற்றி மோதிச்சூருக்குக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. 2021இல் அடுத்தது. தானாக நடந்து வந்திருக்க வேண்டிய விலங்கைக் கூண்டில் ஏற்றிக் கொண்டுவரும் நிலைக்கு ஒரு காடு வந்துவிட்டால், நாம் காலத்தே செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றுதான் பொருள்.

நம் வாசலில் உள்ள கணவாய்

செங்கோட்டைக் கணவாய் இயற்கையாகவே அமைந்த இடைவெளி. உயரமான மலையில் மட்டுமே வாழும் சின்னப் பறவைகளும் தவளைகளும் பல லட்சம் ஆண்டுகளாக இதைக் கடக்காமல் இருபுறமும் தனித்தனியாகப் பரிணமித்திருக்கின்றன. கணவாய்க்குத் தெற்கே உள்ள சோலைப் பறவை ஒன்று தனி இனம் என்று 2017இல் அறிவிக்கப்பட்டு, ‘அஷாம்பு’ மலையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. யானை, புலி, காட்டெருது போன்ற பெரிய விலங்குகளுக்கு இந்தத் தாழ்வான நிலம் தடையாக இருந்ததில்லை, அதுவே நடைபாதை. 1904இல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. ரப்பரும் தேக்கும் காட்டை மாற்றின. 2018இல் ரயில் பாதை அகலமானது. தேசிய நெடுஞ்சாலை 744இல் போக்குவரத்து ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. சாலையை அகலப்படுத்தும் திட்டங்களும் வரிசையில் இருக்கின்றன.

இந்த இடைவெளியின் இரு பக்கமும் அரசு நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தெற்கே ஒரு சரணாலயம், வடக்கே ஒரு சரணாலயம் என்று வைத்துவிட்டு நடுவை விட்டுவிட்டால் இரண்டுமே தீவுகள். சிறிய தீவில் அடைபட்ட விலங்குகள் தமக்குள்ளேயே இணைசேர்ந்து வலுவிழக்கும். வறட்சியோ நோயோ காட்டுத்தீயோ வந்தால் தப்பிப் போக இடம் இருக்காது.

> பெட்டிச் செய்தி: கணவாயின் இருபுறமும்
>
> * முண்டந்துறை சரணாலயம் 1962. களக்காடு சரணாலயம் 1976. இரண்டும் இணைந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்
> * திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம்: 1988
> * நெல்லை வனவிலங்கு சரணாலயம்: 2015, சுமார் 356 சதுர கி.மீ.
> * திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்: 2021 பிப்ரவரி, சுமார் 1,016 சதுர கி.மீ.
> * அகத்தியமலை யானைகள் காப்பகம்: 2022 ஆகஸ்ட், சுமார் 1,197 சதுர கி.மீ.

வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் காட்டை ஊடறுக்கும் தேசிய நெடுஞ்சாலை 44இல், விலங்குகள் கீழே கடக்கும்படி ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். நீளமானது 750 மீட்டர். புலி உட்படப் பல விலங்குகள் அதன் அடியில் நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உண்டு. கோவை மதுக்கரையில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் 2024 பிப்ரவரி முதல் யானை வருவதைக் கண்டு ரயில் ஓட்டுநரை எச்சரிக்கின்றன. மதுக்கரையில் முடிந்தது ஆரியங்காவில் முடியாதா? சாலையை அகலப்படுத்தத் திட்டம் வரையும்போதே கடவுகளையும் சேர்த்து வரைந்தால் செலவு குறைவு. கட்டி முடித்த பிறகு இடித்துத் திருத்துவது யாராலும் ஆகாது.

சங்கரன்கோவிலுக்கு இதில் என்ன?

நம் ஊர் கரிசல் பூமி. காடு பார்க்க மேற்கே புளியங்குடிக்கோ வாசுதேவநல்லூருக்கோ போக வேண்டும். அப்படியிருக்க, கணவாயில் யானை நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதே.

முதல் பதில் தண்ணீர். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு ஊற்றுக்கண் அகத்தியமலைச் சோலைகள். தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு, நம்பியாறு என்று ஆறுகளைப் பெற்றுத் தரும் மலை அது. சோலைக்காடு மழையைக் குடித்துவைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தக் காடு தானாக வளர்வதில்லை. விதையைத் தின்று பல கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் போடுவது யானை. பழம் தின்று விதை பரப்புவது இருவாச்சி. இளஞ்செடிகளை மானும் மிளாவும் அழித்துவிடாமல் கட்டுக்குள் வைப்பது புலியும் செந்நாயும். இந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றால் காடு பெயரளவில் பச்சையாக நிற்கும். நாளடைவில் தண்ணீர் குறையும்.

இரண்டாவது பதில் வெள்ளாமை. அடிவாரத்தில் தென்னை, வாழை, மாந்தோப்புகளில் யானை இறங்குகிறது. கரிசலில் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி ஓர் இரவில் உழுதுபோட்டுவிடுகிறது. விதை, உரம், கூலி என்று கடன் வாங்கிப் போட்டவரின் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோபத்தில் ‘காட்டுயிரைக் காப்பாற்று’ என்ற சொல்லே எரிச்சலூட்டும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. யானை தன் பாதையை இழந்துவிட்டுத்தான் தோப்புக்குள் வருகிறது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வழித்தடம் அடைபட அடைபட மோதல் கூடும். ஆக, வழித்தடத்தைக் காப்பது யானைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு விவசாயிக்கும் தேவை.

அரசு சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. காட்டை ஒட்டிய மின்வேலிகளுக்குப் பதிவும் கட்டுப்பாடும் 2023 விதிகளில் வந்தன. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுட 2025 ஜனவரி ஆணை வழிசெய்தது. விவசாயிக்கு இவற்றைவிட அவசரமானது, சேதத்துக்கு ஏற்ற இழப்பீடு அலைச்சலின்றி உடனே கையில் கிடைப்பது. முன்னெச்சரிக்கையும் வேண்டும். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் ஏற்பாட்டில், யானை நடமாடும் இடம் தொழிலாளர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. கூப்பிடு தூரத்தில் யானை இருந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. யானையால் நேரும் மரணங்கள் அங்கே குறைந்தன. அந்த முயற்சிக்கு 2015இல் சர்வதேச விட்லி விருது கிடைத்தது. சிவகிரி முதல் வடகரை வரை இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் உயிருக்குப் பயந்து போக வேண்டியதில்லை.

அடிவாரத்தை விட்டுவிட்டுக் காடு இல்லை

முண்டந்துறை பீடபூமியில் புள்ளிமானும் மிளாவும் எந்தச் செடிகளைத் தின்கின்றன, மேய்ச்சலுக்கு வரும் மாடுகள் எவற்றைத் தின்கின்றன என்று ஜான்சிங்கும் கே. சங்கரும் பட்டியலிட்டு 1991இல் கட்டுரை வெளியிட்டார்கள். பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் மாட்டுக்கும் மானுக்கும் ஒரே இலையில் போட்டி இருக்கிறதா என்பது தெரியாமல் மேய்ச்சலைப் பற்றி யாரும் நியாயமாக முடிவெடுக்க முடியாது.

மாட்டை நிறுத்து, விறகை நிறுத்து என்று சட்டம் சொன்னால் அடிவாரப் பெண் அடுப்பெரிக்க எங்கே போவாள்? இந்தக் கேள்விக்கு 1990களில் களக்காடு–முண்டந்துறையில் ஒரு விடை தேடினார்கள். உலக வங்கி உதவியோடு கிராம வனக் குழுக்கள் அமைந்தன. சாண எரிவாயு, புகை குறைந்த அடுப்பு, சிறுதொழில் கடன் ஆகியவை வந்தன. விறகுச் சுமையோடு இறங்கும் கூட்டம் குறைந்தது. அடிவாரக் காடு தழைத்தது. 2001இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஜான்சிங் இந்தக் காப்பகத்தை உலகப் பாரம்பரியச் சொத்து என்று எழுதினார்.

சிக்கல்கள் தீரவில்லை. ஆடி அமாவாசைக்குக் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் லட்சக்கணக்கில் கூடும் கூட்டம் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக்கும் துணியும் ஆற்றிலும் காட்டிலும் தேங்குகின்றன. தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு, தங்கும் நாட்களுக்கு வரம்பு எனப் படிப்படியாக ஒழுங்கு வருகிறது. சாமி கும்பிட வருகிறவர்தான் ஆற்றையும் கும்பிடுகிறவர். அவரைத் துணைக்கு அழைத்தால் வேலை எளிது.

ஓர் ஆசிரியரின் செல்வாக்கு

ஜான்சிங் பெயரில் எந்தச் சட்டமும் இல்லை. அவரிடம் பயின்ற வனத்துறை அதிகாரிகள் நாட்டின் பல காப்பகங்களை நிர்வகித்தார்கள். அவர் பயிற்றுவித்த ஆய்வாளர்கள் பனிச்சிறுத்தை முதல் சோலைப் பறவை வரை ஆராய்கிறார்கள். ராஜாஜி முதல் நேபாள எல்லை வரையிலான தராய்க் காடுகளை ஒரே நிலப்பரப்பாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதில் அவர் குழுவின் 2004 அறிக்கைக்குப் பங்கு உண்டு.

அவர் நெஞ்சுக்கு நெருக்கமான வரையாட்டுக்குத் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. செந்நாயைக் கொன்றால் காசு என்றிருந்த நாட்டில் இன்று அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உலகில் இனப்பெருக்க வயதில் உள்ளவை சுமார் 950 முதல் 2,200 வரையே மிஞ்சியிருக்கலாம் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கணிப்பு. அதில் இந்தியக் காடுகள் முக்கியப் புகலிடம்.

இவையெல்லாம் ஒரு கல்லூரி ஆசிரியர் வகுப்பறைக்கு வெளியே எடுத்துவைத்த அடியிலிருந்து கிளைத்தவை. அவர் வேலை பார்த்த சிவகாசி நமக்குப் பக்கத்து ஊர். மேற்கே அன்று இருந்த மலைதான் இன்றும் இருக்கிறது. சங்கரன்கோவில், புளியங்குடி பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விலங்கியல், தாவரவியல் படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது வனத்துறை அனுமதியோடு அடிவாரத்துக்கு அழைத்துப் போங்கள். குளத்துக்கு வரும் பறவைகளை எண்ணச் சொல்லுங்கள். தாமிரபரணிக் குளங்களில் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரச் சொல்லுங்கள். காட்டை அறிந்தவரால்தான் காட்டுக்காகவும் விவசாயிக்காகவும் ஒரே மூச்சில் வாதாட முடியும்.

கணவாய்க்கான சாலைத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும் நாளில் விலங்குக் கடவு எங்கே என்று கேட்க வேண்டியவர்கள் நாம். நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் ரயில், பேருந்து கேட்பதைப் போலவே இதையும் கேட்க வேண்டும். பயிர்ச்சேத இழப்பீடும் முன்னெச்சரிக்கை ஏற்பாடும் அதே மனுவில் இருக்க வேண்டும். நாங்குநேரிக்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் நடந்து கண்டுசொன்னதை, அந்த மலையின் தண்ணீரைக் குடிக்கும் நாம் நிறைவேற்றிக் காட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.